இடது செட்டையின் பிளாப்

மச்சான் விமானம் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது நான் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“உனக்கென்ன விசரோ? வெளிநாட்டிலையிருந்து வந்தனீ, ஒரு வானை வாங்கி வாடகைக்கு ஓடு. இல்லாட்டி என்னோடை நிண்டு வள்ளத்துக்குப் பைபர் பூசு.”

மச்சான் என்றால் என் ஒரே தங்கையின் புருசன். இருபது வருடம் வெளிநாட்டில் விமானக் கொட்டகையொன்றில் தகட்டு வேலை செய்தவன். தாங்களே செய்த சின்ன விமானங்களை லீவு நாட்களில் ஓட்டும் ஆட்களோடு சேர்ந்து, ஓட்டப் பழகி, லைசன்சும் எடுத்தவன். ஊருக்குத் திரும்பி வந்து, நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்த என் தங்கையைக் கட்டினான். நான் ஏசி முடிக்கும்வரை குனிந்த தலை நிமிராமல் இருந்துவிட்டு, “கொட்டிலிலை அரைவாசி இடம் தருவியோ?” என்று மட்டும் கேட்டான்.

குருநகரில் கடற்கரையோரம் எனக்கு ஒரு வள்ளம் திருத்தும் கொட்டில் இருக்கிறது. அதில் அரைவாசியைக் கொடுத்தேன். மச்சானுக்காகக் கொடுக்கவில்லை. தங்கை வந்து வாசலில் நின்றாள், அதனால் கொடுத்தேன்.

அவளுக்கு அந்த விமானத்தில் ஒருமுறை ஏறவேண்டும். காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். ஒருநாள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா பின்னுக்கு நின்றா. குண்டு விழுந்தது, அவ முற்றத்தைத் தாண்டவில்லை. தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. அன்றிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். மேலேயிருந்து பார்த்தால் கீழே நிற்பது ஆள் என்று தெரியுமா? பங்குச் சுவாமியிடம் கேட்டாள், பள்ளிக்கூடத்தில் கேட்டாள், என்னிடம் எத்தனையோ தடவை கேட்டாள். தெரியாது பிள்ளை, எல்லாம் புள்ளியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னோம். “நீங்கள் ஒருத்தரும் ஏறிப் பாத்துப்போட்டுச் சொல்லேல்லையே” என்பாள். கொழும்புக்குப் போகும் விமானத்தில் ஏறிப் பாரேன் என்றால், அது எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, மேலாகப் போகாது என்பாள். எனக்கு ஆத்திரம் வரும். தெரிந்து என்ன செய்யப்போகிறாள்?

பெட்டிகள் கப்பலில் வந்தன. உள்ளே தகடுகள், குழாய்கள், ஆணிகள், புத்தகமளவு தடித்த வரைபடக் கட்டு. ஒரு பக்கம் நான் வள்ளத்துக்கு அடி பூச, மறுபக்கம் அவன் விமானத்தின் செட்டைக்கு, அதாவது இறக்கைக்கு, தகடு அறைவான். மீன் விற்றுவிட்டு வருகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “உது பறக்குமோ?” என்று கேட்பார்கள். “உங்கடை கூடையைவிடப் பாரம் குறைவு” என்பான் மச்சான்.

பிளாப் என்பதை எனக்கு விளங்கப்படுத்தியது அவன்தான். செட்டையின் பின் விளிம்பில், உடம்புக்குக் கிட்டவாக, கீல் போட்டுப் பூட்டிய ஒரு நீளத் தகடு அது. விமானமோட்டி நெம்புகோலை இழுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கீழே இறங்கும். இறங்கினால் மெதுவாகப் பறந்தாலும் விமானம் விழாது, தரையிறங்க லேசு. மற்ற நேரத்தில் செட்டையோடு சமமாகப் படுத்திருக்கவேண்டும். “பலாலி ரோட்டிலை மினிபஸ்ஸிலை போகேக்கை உள்ளங்கையை யன்னலுக்கு வெளியிலை நீட்டிப் பாத்திருப்பாய்தானே, அந்த விளையாட்டுத்தான்” என்றான். நீட்டாதவர் ஆர்?

அனுமதி விசயமாக அவன் ஒரு கிழமை கொழும்புக்குப் போனபோது, வலதுபக்க பிளாப்பை அவனே பூட்டி முடித்திருந்தான். “அதைப் பாத்து இடதையும் பூட்டி வை. உன்ரை கை நல்ல கை” என்று சொல்லிவிட்டுப் போனான். நெம்புகோலிலிருந்து பிளாப் வரைக்கும் மூன்று மூட்டு, மூன்றிலும் ஒவ்வொரு ஆணி. நான் துளைத்தேன். என் கைக்குத் தெரிந்த மாதிரித் துளைத்தேன்.

வள்ளத்தில் சுக்கான் ஆணிக்குத் துளை போடும்போது நாங்கள் ஒரு மயிரிழை பெரிதாகத்தான் போடுவோம். இறுக்கமாகப் போட்டால் ஒரு மாரிக்குள் உப்புப் பிடித்து இறுகிவிடும், நடுக்கடலில் சுக்கான் திரும்பாது. இடம் விட்டு, அந்த இடத்தை கிறீஸால் நிரப்பிவிட்டால் பத்து வருசம் ஓடும். குருநகரில் எந்த வள்ளத்தை வேண்டுமானாலும் அசைத்துப் பாருங்கள், அந்த ஆட்டம் இருக்கும். அதே ஆட்டத்தை நான் விமானத்தில் வைத்தேன், மூன்று மூட்டிலும். கிறீஸ் பொதிந்து துடைத்து, பார்க்க அழகாக இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். அதுதான் பிழை. பிழையென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

விமானத்தை லொறியில் ஓடுபாதைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி நிறுத்தினோம். கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் பிளாப்பை மேலேயிருந்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. மட்டம் வைத்துப் பார்த்தார். செட்டையோடு அச்சொட்டாகச் சமம். கையெழுத்து வைத்தார். மச்சான் கொஞ்ச மணித்தியாலம் தனியாகப் பறந்து காட்டவேண்டும், அது முடிந்தால் இன்னொருவரை ஏற்றலாம். கடிதத்தில் ஓடுபாதை, நேரம், எல்லை எல்லாம் எழுதியிருந்தது. எங்கள் ஒழுங்கை அந்த எல்லைக்குள் இருந்தது. தங்கை அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

முதல்நாள் பறந்து வந்து இறங்கியதும், “இடதுபக்கம் சரியுது மச்சான், கையாலை பிடிச்சுக்கொண்டே இருக்கவேண்டிக் கிடக்கு” என்றான். இரண்டாம் நாளும் அதேதான். கீழே வைத்து நூல் பிடித்துப் பார்த்தோம். எல்லாம் சரி. தன் வேலையில்தான் பிழையென்று நினைத்து அவன் சோறு தின்னாமல் திரிந்தான். “நான்தான் செட்டையைக் கோணலாப் பூட்டிப்போட்டன்போல” என்றான். பாவமாக இருந்தது.

மூன்றாம் முறை வாலுக்குக் கிட்ட ஒரு சின்னக் கமராவை ஒட்டிக்கொண்டு பறந்தான். புதன்கிழமை பின்னேரம் கொட்டிலில் இருந்து போனில் பார்த்தோம். ஓடுபாதையில் நிற்கும்போது இடது பிளாப் செட்டையோடு சமமாக இருக்கிறது. வேகம் ஏற ஏற விளிம்பு மெல்ல எழும்புகிறது. நல்ல வேகத்தில் போகும்போது ஒரு விரல் அகலம் மேலே நிற்கிறது. வலது அசையவேயில்லை. வேகம் மிகக் கூடிய ஒரு இடத்தில் இடதின் விளிம்பு கலங்கித் தெரிந்தது. மச்சான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான்.

“நடுங்குது” என்றான். “விளிம்பு மேலை போனா அந்தப் பக்கம் தூக்குறது குறையும், அதுதான் சரியுது. அது பரவாயில்லை. இது நடுங்கத் துவங்கினா நிக்காது. பிச்சுக்கொண்டு போகும்.”

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. தரையில் நிற்கும்போது பிளாப் தன் பாரத்தால் கீழே தொங்கும். ஆணி துளையின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படித் தொங்கும்போதுதான் நாங்கள் சமம் பார்த்தோம். மேலே போனால் காற்று கீழேயிருந்து தூக்குகிறது, ஆணி மறுபக்கத்துக்குப் போகிறது. மூன்று துளையின் மயிரிழையும் சேர்ந்து விளிம்பில் ஒரு விரலாகிறது.

நான் வாய் திறக்கவில்லை. மச்சான், நெம்புகோலிலிருந்து பிளாப்பைத் தள்ளுகிற கம்பிதான் வளைகிறது என்று முடிவெடுத்தான். தடித்த கம்பியொன்று வெட்டி என்னிடம் தந்தான். “நீயே மாத்திவிடு. சனிக்கிழமை முழு வேகத்திலை ஒருக்காப் பாத்துப்போட்டு, ஞாயிறு பூசை முடிய அவளை ஏத்துறன்.” நான் ஓடுபாதைக்குப் போய்க் கம்பியை மாற்றினேன். அதே துளை, அதே ஆணி. மேலே புதிதாக கிறீஸும் வைத்தேன். இதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆரும் என் கொட்டிலில் ஒரு ஆணியைக் கோணலாக அடித்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்க ஏசுகிறவன் நான்.

பயந்தேன், அதுதான் உண்மை. சொன்னால் துளையெல்லாம் மாற்றவேண்டும், மாற்றினால் பரிசோதகர் திரும்ப வரவேண்டும், அது எத்தனை மாதமோ. தங்கை ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டை தைத்து வைத்திருந்தாள். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று.

சனி காலை மச்சான் ஓடுபாதைக்குப் புறப்பட லொறியில் எரிபொருள் ஏற்றிக்கொண்டு நின்றான். தங்கை தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்து, “கவனமாப் போட்டு வாங்கோ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சொல் எனக்குத் தாங்கவில்லை. நானும் லொறியில் ஏறினேன். ஓடுபாதையில் விமானத்தின் உறையைக் கழற்றியதும் அவன் கையைப் பிடித்து இடது செட்டைக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனேன்.

“கீழை கையை வச்சுத் தூக்கிப் பார்.”

“ஏன்?”

“தூக்கடா.”

தூக்கினான். டக் என்றது. விட்டான், திரும்பத் தூக்கினான். டக். கிறீஸை விரலால் வழித்துப் பார்த்தான்.

“ஆர் துளைச்சது?”

“நான்தான். வள்ளத்துக்குத் துளைக்கிற மாதிரித் துளைச்சுப்போட்டன். புதன்கிழமையே எனக்குத் தெரியும்.”

அவன் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். விமானத்தை உறை போட்டு மூடிவிட்டு, லொறிப் படியில் குந்தியிருந்து தேத்தண்ணியைக் குடித்தான். “அவளுக்கு நீதான் சொல்லோணும்” என்றான்.

சொன்னேன். அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். “பிழை எல்லாருக்கும் வரும் அண்ணை. மூண்டு நாள் பேசாமல் இருந்தீங்கள் பாருங்கோ, அதுதான்” என்றாள். பிறகு கத்தியை எடுத்து மிச்ச மீனை வெட்டினாள். இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

சாவகச்சேரியில் லேத் வைத்திருப்பவர் ஒருவரிடம் துளைக்குள் இறுக்கமாக உட்காரும் புஷ் வளையங்கள் கடைவித்து, மூன்று மூட்டிலும் இறுக்கிப் போட்டோம். எனக்கு அந்த இறுக்கம் பிடிக்கவேயில்லை. கை கூசியது. பரிசோதகர் மாரி கழிந்துதான் வந்தார். இந்தமுறை நானே அவரைக் கீழேயிருந்து தூக்கிப் பார்க்கச் சொன்னேன். மச்சான் முழு வேகத்தில் பறந்து காட்டினான். கமராவில் இரண்டு பிளாப்பும் செட்டையோடு படுத்தபடி கிடந்தன.

பிறகு ஒரு ஞாயிறு அவளை ஏற்றினான். நான் ஓடுபாதை ஓரத்தில் நின்றேன். சத்தம் தேய்ந்துபோய்த் திரும்பக் கேட்கும்வரை செபம்கூட வரவில்லை. விமானம் இறங்கி வந்து நின்றதும் கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். அவள் இறங்காமல் இருந்தாள். நான் கிட்டப் போனேன்.

“முதல் தாழப் பறந்தவர். எங்கடை ஒழுங்கை, உங்கடை கொட்டில், வலை காயப்போடுற ஆக்கள், எல்லாம் தெரிஞ்சுது. இந்த உயரம் போதாது, இன்னும் மேலை போங்கோ எண்டன். போனார். இன்னும் எண்டன். கடிதத்திலை எழுதின உயரம் முடியுமட்டும் போனார்.”

“பிறகு?”

“அங்கையிருந்தும் தெரியுது. பொம்பிளையோ ஆம்பிளையோ எண்டு தெரியேல்லை. ஆள் எண்டு தெரியுது. அம்மா முற்றத்திலைதானே அண்ணை நிண்டவ?”

ஓம் என்றேன்.