பாதருக்குத் தலையாட்டியவர்கள்

எங்கள் பங்குக் கோவிலுக்கு ஸ்கொட்லாந்துப் பாதர் வந்து மூன்று மாதமாகியும், அவர் சொல்லும் ஒரு வசனமாவது முழுதாக எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லவுமில்லை. குருவானவரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவாம். இங்கிலாந்தின் பிளேஸ்டோவில் இருக்கும் யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் பவிசு அது. ஆகவே பிரசங்கத்துக்கும் தலையாட்டினோம், அறிவித்தலுக்கும் தலையாட்டினோம்.

அவர் எதற்கு முன்னாலும் ‘வீ’ என்று ஒன்றைப் போடுவார். சின்னது என்று அர்த்தமாம். ஈஸ்டருக்கு ஏற்றும் ஆளுயரப் பாஸ்காத் திரியும் அவருக்கு வீ திரிதான். ஓம், சரி என்பதற்கு ‘ஐ’. வானம் மூடித் தூறினால் ‘ட்ரீக்’. பாஸ்காப் பாட்டை வாரக்கணக்கில் தொண்டை வறளப் பழகிய பாடகர் குழுவுக்கு ‘நொட் பேட்’ என்றார். அவரது ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி இல்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் பெண்கள் அவர் முன்னால் சிரித்துவிட்டு, கோவில் வாசலைத் தாண்டியதும் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார்கள்.

தலையாட்டிகளில் தலைசிறந்தவர் பங்குச்சபைத் தலைவர். இங்கிலாந்தில் முப்பது வருடம். ஞாயிறு தவறாமல் டை. ஒருநாள் பிரசங்கம் முடிய அவரைக் கேட்டேன்.

“அண்ணை, பாதர் இப்ப என்ன சொன்னவர்?”

“அது ஆழமான விசயம். உமக்குச் சொன்னா விளங்காது.”

தூ என்று துப்பலாம் போலிருந்தது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற நானும் அவருக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டியவன்தானே.

அந்த நேரத்தில்தான் மனைவிக்கு வயிற்றில் கட்டி, வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று கடிதம் வந்தது. அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: நோயாளிக்குக் குருவானவர் தைலம் பூசிச் செபிப்பது.

“கத்தி வைக்க முதல் எனக்கு நோயிற்பூசுதல் வேணும். பாதரைக் கேளுங்கோ.”

ஞாயிறு பூசை முடிந்ததும், புதன் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர ஏலுமா என்று பாதரைக் கேட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். முடிவில் சரியா என்று கேட்டார். தலையாட்டினேன். உண்மையாகச் சரியா என்று மறுபடி கேட்டார். இன்னும் பலமாக ஆட்டினேன். பக்கத்தில் நின்ற தலைவரும் ஆட்டினார்.

புதன்கிழமை மேசையில் வெள்ளைத் துணி விரித்துச் சிலுவையும் இரண்டு மெழுகுதிரியும் வைத்தோம். அயல் சனம் வந்து செபமாலை தொடங்கியது. ஆறு மணி, ஆறரை, ஏழு. பூசைக்கு உடுக்கும் சேலையோடு மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, அண்டைக்கு ஞாயிறு பாதர் என்ன சொன்னவர்?”

“எனக்கென்ன தெரியும்? நீரெல்லோ விளங்கினமாதிரித் தலையாட்டினனீர்!”

“நீங்களும்தானே ஆட்டினனீங்கள்?”

“நீர் ஆட்டினபடியாத்தான் ஆட்டினனான்.”

போனை வைத்துவிட்டுப் பாதரின் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவரிடம், “பாதர், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் யூ. நொட் சண்டே. நொட் எனி டே” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். புதன் பின்னேரம் திருமண வகுப்பு இருக்கிறது, திங்கள் காலைப் பூசை முடிய மனைவியைக் கோவிலுக்குக் கூட்டிவரச் சொன்னேன், தைலத்தோடு ஒரு மணித்தியாலம் அங்கே காத்திருந்தேன் என்றார். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே நடந்துகொண்டிருந்த வகுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தைலத்தை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

மனைவியின் நெற்றியிலும் கைகளிலும் பூசினார். அவள் கண்ணை மூடினாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம்.

போகமுன், நாளை ஒப்பரேஷனுக்கு முதல் ஆஸ்பத்திரிக்கும் வருவதாகப் பாதர் சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சொன்னார். திருப்பிக் கேட்டேன். எந்த வாசல் என்று கேட்டேன். கடிதத்தின் பின்பக்கத்தை நீட்டி எழுதித் தரச் சொன்னேன்.

பின்னால் நின்ற ஒரு அக்கா உச்சுக்கொட்டினா. “குருவானவரிட்டை இப்பிடியே கேக்கிறது? ஒரு மரியாதை வேண்டாமே?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதியதை உரத்து வாசித்துக் காட்டி, “ரைட், பாதர்?” என்று நான்காம் தரமும் கேட்டேன்.