ஜூலியாவின் நாற்பத்தாறு கிலோ

ஜூலியாவின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். பத்தொன்பது வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அந்த உயரம்தான். படிப்போ சிபாரிசோ இல்லை.

மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். சந்தாபுராவைத் தாண்டி இருக்கும் அந்தக் குதிரையேற்றப் பள்ளிக்கு அவள் முதலில் போனது ரசீது எழுதுகிற வேலைக்கு. சேர்ந்த மூன்றாம் வாரம் ஒரு போனி, பிள்ளைகள் ஏறுகிற குட்டை ஜாதிக் குதிரை, முரண்டு பிடித்தது. லாயத்து ஆட்களெல்லாம் எழுபது கிலோ தடியர்கள். அவர்கள் ஏறினால் அது படுத்தேவிடும். பள்ளி முதலாளி கோவிந்தராஜன் சுற்றுமுற்றும் பார்த்தார். ரசீது மேசைக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்த ஜூலியா கண்ணில் பட்டாள். அன்றைக்கு ஏறியவள்தான். அப்புறம் இறங்க விடவில்லை.

போனி என்றால் பெரிய பொம்மை என்று நினைக்கிறவர்கள் நிறைய. இரவெல்லாம் கட்டிக் கிடந்து கொள்ளு தின்ற கொழுப்பு, காலையில் அதன் நாலு காலிலும் நிற்கும். அந்தக் கொழுப்போடு ஏழு வயதுப் பிள்ளையை ஏற்றினால் பிள்ளை ஒரு பக்கம், அதன் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். அதனால் வகுப்புக்கு முன்னால் எடை குறைந்த பெரியவர் ஒருவர் அரைமணி நேரம் ஓட்டி அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பள்ளியில் எடை குறைந்த பெரியவர் என்றால் ஜூலியா. சிவாஜிநகரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் இன்னொன்று மாறி, ஆறரைக்குள் குதிரை மேல் இருப்பாள். இப்போது வயது நாற்பத்தொன்பது. இடது முட்டியை மடக்கினால் ஒரு சத்தம் வருகிறது, பக்கத்தில் நிற்கிறவருக்கும் அது கேட்கிறது. புருஷன் போய்ச்சேர்ந்து ஆறு வருஷம். ஓசூரில் குடும்பமாக இருக்கும் மகள் அனுஷா, வேலையை விட்டுவிடச் சொல்லி போனில் சொல்வாள். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவளும் சொல்வதில்லை, இவளும் கேட்பதில்லை.

கோவிந்தராஜன் அரசாங்க நீர்ப்பாசன இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கணக்குப் போடாமல் தும்மக்கூட மாட்டார். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் சுமக்கலாம், சேணத்தையும் சேர்த்து. இது அவர் போட்ட சட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை மெஷினில் ஏற்றி எடையை நோட்டில் எழுதுவது ஜூலியாவின் பொறுப்பு. ரோஹன் என்கிற பையன் ஒரே கோடை விடுமுறையில் ஆறு கிலோ ஏறி வந்தபோது, இனி அவனுக்குச் சின்னப் போனி கிடையாது என்று அவன் அம்மா வீணாவிடம் சொல்ல வேண்டியதும் இவள்தான். மெஷின் சரியில்லை என்று வீணா அரைமணி நேரம் வாதாடினாள். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஜூலியா நிதானமாகப் பதில் சொன்னாள்.

ஊருக்குத்தான் உபதேசம். அதே நோட்டின் கடைசி வரியில் 'ஜூலியா, 46' என்று இருக்கும். சேர்ந்த வருஷம் அது சத்தியமான எண். அதன்பிறகு யாரும் அவளை மெஷினில் ஏறச் சொல்லவில்லை, அவளும் அதையே எழுதி வந்தாள். முதலில் வெட்கத்தில் எழுதினாள், பிறகு பழக்கத்தில், கடைசியில் பயத்தில். பயத்தின் பெயர் ரக்ஷிதா. புதிதாகச் சேர்ந்த டீச்சர், இருபத்திரண்டு வயது, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. காலை வேலையை அவளிடம் கொடுத்துவிட்டால் ஜூலியாவுக்கு அங்கே என்ன இருக்கிறது? ரசீதுகூட இப்போது யார் கையாலும் எழுதப்படுவதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினில் ஏறிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு.

பார்க்கத் தூண்டியது பிஸ்கட். பிள்ளைகளையும் அவளையும் பத்து வருஷம் சுமந்த போனி அது. இந்த வருஷம் அதற்கு முதுகு போய்விட்டது. வயசாகிவிட்டது என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஏறும்போது சும்மா நின்ற பிஸ்கட், இவள் அங்கவடியில் காலை வைத்தாலே முதுகைத் தாழ்த்தி நெளியும். அதை டாக்டர் பார்க்கவில்லை. பார்த்தவள் வாயைத் திறக்கவில்லை.

பிஸ்கட்டின் இடத்துக்கு வேறு போனி வாங்கத்தான் அந்தச் சனிக்கிழமை ஆனேக்கல் ரோட்டில் இருக்கும் குதிரை வியாபாரி சுந்தரத்தின் கொட்டகைக்குப் போனார்கள். அவர் இரண்டைக் காட்டினார். குதிரை உயரத்தைக் 'கை' கணக்கில் சொல்வார்கள். ஒரு கை என்றால் நாலு அங்குலம், தரையிலிருந்து தோள் மேடு வரைக்கும். ஒன்று பன்னிரண்டு கை, கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக, ஐந்து வயது. இன்னொன்று பதிமூன்றரைக் கை, சேற்று நிறம், நீள மூஞ்சி, ஏழு வயதுப் பெட்டை. கோவிந்தராஜன் மனசு சின்னதிடமே போனது. பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் ஐந்து, ஆறு வயது. பெரிசின் அகலமான வயிற்றில் அந்தக் கால்கள் பிடிமானமில்லாமல் விரிந்து நிற்கும், விழுந்தால் உயரமும் அதிகம். சின்னதில் அந்தக் கவலை இல்லை. ஒரே கேள்வி, அது ஜூலியாவைத் தாங்குமா?

டேப்பால் மார்பைச் சுற்றி அளந்து எடையைச் சொல்கிறேன் என்றார் சுந்தரம். கோவிந்தராஜன் ஒப்புக்கொள்ளவில்லை. லாரி எடை போடுகிற மேடை சந்தாபுராவில் இருக்க, உத்தேசம் எதற்கு? டெம்போ வந்தது. மேடையில் காலி டெம்போ ஆயிரத்து எழுநூறு கிலோ. கொட்டகைக்குத் திரும்பி வந்து போனியை ஏற்றினார்கள். அது தனியாக நிற்கமாட்டேன் என்று பலகையை உதைத்தது. ஜூலியா பின்னால் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நின்றுவிட்டது. மேடையில் இப்போது இரண்டாயிரத்து இருபது.

கோவிந்தராஜன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். வித்தியாசம் முந்நூற்று இருபது. அதில் ஜூலியா நாற்பத்தாறு போக, போனி இருநூற்று எழுபத்துநாலு. ஐந்தில் ஒரு பங்கு ஐம்பத்துநாலேமுக்கால். ஜூலியாவும் ஆறு கிலோ சேணமும் ஐம்பத்திரண்டு. தாராளமாகத் தாங்கும். ஆய்த்து என்று கன்னடத்தில் முடித்துவிட்டு, சுந்தரத்திடம் விலை பேசத் திரும்பினார்.

ஜூலியா டெம்போவிலேயே நின்றாள். பத்தொன்பது வருஷம் அந்தக் கணக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு மனக்கணக்குப் போட நேரம் ஆகவில்லை. அவள் மறைத்த பன்னிரண்டு கிலோ இப்போது குதிரையின் சதையாகப் பென்சிலில் ஏறிவிட்டது. முழுப் பூசணிக்காயைத் தன் சோற்றில் மறைத்தது போதாதென்று, அடுத்தவர் இலையிலும் கொண்டுபோய் மறைத்தாயிற்று. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று வருஷத்தில் இதுவும் நெளிய ஆரம்பிக்கும், டாக்டர் வேறு ஏதாவது காரணம் சொல்வார். போனி அவள் சட்டைக் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சார், நாப்பத்தாறு கழிக்காதீங்க. அம்பத்தெட்டு கழிங்க."

கோவிந்தராஜன் திரும்பினார். எப்போதிலிருந்து என்று கேட்டார். ரொம்ப வருஷமாக என்றாள். பிஸ்கட்டைப் பற்றியும் சொல்லிவிட்டாள். சுந்தரம் நாகரிகமாக டீக்கடைப் பக்கம் பார்த்தார்.

பென்சில் மறுபடி ஓடியது. போனி இருநூற்று அறுபத்திரண்டு, சுமக்கக்கூடியது ஐம்பத்திரண்டு சொச்சம். சேணத்தோடு ஜூலியா அறுபத்துநாலு. கோவிந்தராஜன் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

ரக்ஷிதாவின் பெயர் வரும் என்று ஜூலியா பயந்துகொண்டு காத்திருந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் நாளைக்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டு ஓட வேண்டாம். சொல்லட்டுமே என்று இருந்தது. இவ்வளவு நாள் எதற்குப் பயந்தாளோ, அதையே உடம்பு முழுக்க ஆசைப்பட்டது.

"நல்ல வேளை சொன்னே. பெரிசையே எடை போட்டுடலாம்," என்றார் கோவிந்தராஜன்.

கொட்டகைக்குப் போய்ச் சின்னதை இறக்கியதும் பெட்டை தானாகவே டெம்போவில் ஏறி, எடை மேடையிலும் அலுங்காமல் நின்றது. முந்நூற்று முப்பது கிலோ. ஐந்தில் ஒரு பங்கு அறுபத்தாறு. இன்னும் இரண்டு கிலோ உனக்கு மிச்சம் இருக்கிறது ஜூலியா என்று அவர் சிரித்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உயரம்தான். கூடவே ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நடந்தால் போயிற்று. சின்னதையே வாங்கினால் ரக்ஷிதா ஏறலாமே என்று ஜூலியா மெதுவாக இழுத்தாள். அவர் கையை உதறினார்.

"அவ இன்னைக்கி இருப்பா, நாளைக்கி கல்யாணம் ஆயி போயிடுவா. நீ இருப்பே. இதுக்கு ஏழு வயசுதான், இன்னும் பதினஞ்சு வருஷம் உனக்குக் கவலையே இல்ல."

அன்பாகத்தான் சொன்னார். முட்டியைப் பற்றியும், களைத்துவிட்டேன் என்றும் அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. இப்போதுதான் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டவள், அதை அவர் மன்னித்தும் விட்டார். உடனே எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கொட்டகைக்குத் திரும்பியதும் ஏறிப் பார்க்கச் சொன்னார். அங்கவடி அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. முதல் தடவை முட்டி ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் தடவை சுந்தரம் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பெட்டை அசையவில்லை, நெளியவில்லை, நாள் முழுக்க நிற்கத் தயாராக நின்றது. மேலே உட்கார்ந்ததும் ஜூலியாவுக்கு அழுகை வந்துவிட்டது. கோவிந்தராஜன் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, சுந்தரத்திடம் முன்பணத்தைக் கொடுத்தார்.