எண்பத்து நான்காம் பக்கத்து நெல்

மலர்கொடி தப்பு விடமாட்டாள். தஞ்சாவூர் கரந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பட்டா மாறுதல் மனு என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் 'மலர் டி.டி.பி.' என்ற அந்தப் பத்துக்கு எட்டுக் கடையிலிருந்து சுத்தமாக வெளியே வரும். ஒருமுறை ஒரு வீட்டார் மாப்பிள்ளை பெயரையும் மாப்பிள்ளையின் அப்பா பெயரையும் இடம் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் மட்டும் கண்டுபிடித்திருக்காவிட்டால் அந்த மனிதருக்கு அறுபத்திரண்டு வயதில், பெரியோர்கள் நிச்சயித்தபடி, இன்னொரு கல்யாணம் ஆகியிருக்கும். இந்த வேலையைப் போய் 'சும்மா டைப் அடிக்கிறது' என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒரே ஒரு நாள் அவள் நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், மிச்சத்தை முதுகு சொல்லிக்கொடுத்துவிடும்.

பூதலூர் வல்லபனின் கதைகளுக்கும் அவள்தான். மந்திரக் கதை படிக்கிறவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இயற்பெயர் ஜெயபால். நாற்பத்தொரு நாவல். ஒவ்வொன்றிலும் ஒரு பூதம், ஒரு இளவரசி, பேசுகிற மரம் ஒன்று நிச்சயம் உண்டு. சொந்த ஊர்ப் பேரிலேயே பூதம் இருக்கிறதே, வேறு எதை எழுதுவார் என்று வாசகர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்கும் தாளில் பேனாவால்தான் எழுதுவார். அந்தக் கையெழுத்து மறுநாள் அவருக்கே புரியாது. இருபத்து மூன்று வருஷமாக மலர்கொடிக்கு மட்டும் புரிகிறது. “என் கதையில பூதம் பிசகலாம், மலர்கொடி பிசக மாட்டா” என்று கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கில் சொல்வார். அவள் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் அப்படிப் பூரித்துப்போவாள். அவள் சம்பாதித்ததில் அந்தப் பேர்தான் பெரிய சொத்து.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு டி.வி. கம்பெனிக்காரர்கள் வல்லபனைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய 'வான்தோணி' என்ற விண்வெளித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் துருவன் என்று ஒருவன், டப்பா என்று ஒரு ரோபோ, இரண்டும் கிரகம் கிரகமாகப் போய் நியாயம் பேசும். பிள்ளைகள் அதற்குப் பைத்தியமாகத் திரிந்தன. அந்த ஆட்களை வைத்தே ஒரு புதுக்கதை புத்தகமாக வர வேண்டும், அதைப் பேர்பெற்ற ஒருவர் எழுத வேண்டும் என்று கம்பெனி தீர்மானித்திருந்தது. வல்லபன் அந்தத் தொடரை ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. பூதத்தையும்தான் அவர் பார்த்ததில்லை.

கம்பெனி சார்பில் ஷஹ்பாஸ் என்ற இளைஞர் பதினான்கு பக்க நிபந்தனை அனுப்பினார். கேப்டன் சாகக் கூடாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாது. மீசையை எடுக்கக் கூடாது. டப்பா அழக் கூடாது, ஏனென்றால் அது மூன்றாவது சீசனில்தான் அழக் கற்றுக்கொள்ளப் போகிறது. இத்தனையும் படித்துவிட்டு வல்லபன் நாலு அத்தியாயம் எழுதி அனுப்பினார். ஷஹ்பாஸிடமிருந்து போன் வந்தது.

“சார், இன்ஜினுக்குள்ள ஒரு பூதம் உக்காந்திருக்கு.”

“ஆமா தம்பி. அதுதானே இழுக்குது.”

“பூதம் கூடாது சார். சயின்ஸ் வேணும்.”

“அணுபூதம்னு போட்டுக்கலாமா?”

ஷஹ்பாஸ் “கேட்டுச் சொல்றேன் சார்” என்றார். மறுநாள் அனுமதி வந்துவிட்டது.

கடைசிச் சண்டையைச் செவ்வாயில் வைக்கச் சொன்னார்கள். செவ்வாய்க்குத் தனக்கு வழி தெரியாது என்று வல்லபன் அதைத் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களுக்கு நடுவே ஒரு திடலில் வைத்தார். அதுவரை எதிரிகளின் ஊர்திகளை விமானம் என்றும் ஓடம் என்றும் எழுதி வந்த மனிதர், சண்டை நெருங்கியதும் வீரம் தலைக்கேறி, பழைய புலவர் மாதிரி 'கலம்' என்று எழுதிவிட்டார். 'திடலில் முந்நூறு கலம் இறங்கிற்று. ஊரே வாயடைத்து நின்றது.' அவர் சொன்னது விண்கலத்தை. எழுதியது வெறும் கலம்.

மலர்கொடிக்குக் கலம் என்றால் நெல் அளக்கிற கணக்கு, பன்னிரண்டு மரக்கால். இரண்டு கலம் ஒரு மூட்டை. அவள் அப்பா காத்தான் அடுத்தவர் களத்தில் நெல் அளந்து போட்டவர். அளக்கிறபோது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று அப்பா ராகம் போட்டு எண்ணுவதைக் கேட்டு வளர்ந்தவள் அவள். யாருக்கு லாபம் என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வரியில் அவள் கை நின்றது. முந்நூறு கலம் சரி, முந்நூறு கலம் என்ன? உளுந்தா, நெல்லா? சார் அவசரத்தில் விட்டுவிட்டார் பாவம் என்று நினைத்து, வயலுக்கு நடுவே உள்ள திடலில் வேறு என்ன இறங்கும் என்ற நியாயத்தில், 'நெல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். உலகத்தில் முக்கால்வாசி வம்பு நல்லெண்ணத்தில்தான் ஆரம்பிக்கிறது.

வல்லபனுக்குப் புரூஃப் பார்க்கிற வழக்கம் இல்லை, அதற்குத்தான் மலர்கொடி இருக்கிறாளே. ஷஹ்பாஸ் படித்தார். மீசை இருந்தது, கல்யாணம் இல்லை, டப்பா அழவில்லை, சரி என்று எழுதி அனுப்பிவிட்டார். பத்தாயிரம் பிரதி அச்சாகிக் கடைகளுக்கு வந்தது. வெளியீட்டு விழா அடுத்த ஞாயிறு என்று முடிவானது.

வியாழக்கிழமை காலையில் மலர்கொடி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நர்சிங் படிக்கிற மகள் பூமிகா புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தாள்.

“அம்மா, எதிரிங்க எதுக்கும்மா நெல்லைக் கொண்டாந்து இறக்குறாங்க?”

“எந்த நெல்லு?”

“எம்பத்தி நாலாம் பக்கம். முந்நூறு கலம் நெல்லு இறங்குது. உடனே துருவன், யாரும் கிட்டப் போகாதீங்க, தொட்டா மரணம்னு கத்துறான். பூச்சி மருந்து அடிச்ச நெல்லாம்மா?”

மலர்கொடி பிடுங்கிப் படித்தாள். மூன்று தடவை படித்தாள். தோசை கருகியது. 

அடுத்த மூன்று நாளும் அவள் அவளாக இல்லை. பத்தாயிரம் பிரதியிலும் துண்டுச்சீட்டு ஒட்ட முடியுமா என்று கணக்குப் போட்டாள். சீர்காழியில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதம் உட்கார்ந்துகொள்ளலாமா என்று யோசித்தாள். கப்பலுக்கும் நெல்லுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன முன்னோர்களைத் திட்டினாள். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்துக்கொண்டே நிஜமாகவே அழுதாள். வந்தவர்கள் செத்தவருக்குச் சொந்தம் போல என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று பூமிகா சொன்னபோது, “யானைக்கு வேற பொழப்பு இருக்குடி” என்றாள். இருபத்து மூன்று வருஷப் பேர், ஒரே சொல்லில் போகப் போகிறது. அவமானம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக வல்லபன் வீட்டுக்குப் போனாள்.

“சார், ஒரு பிசகு ஆயிப்போச்சு. என்னாலதான்.”

வல்லபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்பத்து நான்காம் பக்கத்தைப் பார்த்தார். தன் புத்தகத்தை அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாகத் திறக்கிறார் என்பது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது.

“பத்தாயிரம் பேர்ல எவன்மா கலத்தைக் கவனிக்கப் போறான்? விடு. அப்படியே கேட்டாலும் அச்சுப்பிழைன்னு சொல்லிடுறேன். உன் பேரு வராது.”

மலர்கொடிக்குப் போன உயிர் திரும்பியது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. டப்பா வேஷம் போட்டவர் அட்டைப்பெட்டியோடு வாசலில் சிக்கிக்கொண்டார், நாலு பேர் சேர்ந்து சாய்த்து உள்ளே எடுத்தார்கள். எல்லாரும் பேசி முடித்து, வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். திருவையாற்றுப் பக்கத்து விவசாயி தங்கையன் எழுந்தார். வல்லபனின் நாற்பத்தொரு நாவலையும் படித்தவர்.

“ஐயா, எம்பத்தி நாலாம் பக்கத்துல எதிரி முந்நூறு கலம் நெல்ல இறக்குறானே, அது எதுக்குங்க? மூணு நாளா யோசிக்கிறேன். ஈரப்பதம் கூடுதலா இருக்குன்னு அவன் ஊரு கொள்முதல் நிலையத்துல திருப்பி விட்டுட்டாங்களா?”

மண்டபம் சிரித்தது. தங்கையனும் சிரித்தார். பிறகு, “ஆனா உங்க கதையிலேயே நான் பயந்த எடம் அதுதாங்க ஐயா. பூதத்துக்கெல்லாம் நான் பயந்ததில்ல” என்றார்.

வல்லபன் சொன்னபடியே செய்தார். “அது அச்சுப்பிழைங்க. கலம்னா அங்க விண்கலம். அந்த நெல்லை அடிச்சுட்டுப் படிச்சுக்குங்க.”

“அடுத்த பதிப்புல எடுத்துடுவோம்” என்று ஷஹ்பாஸும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“அவ்வளவுதானாங்க” என்று தங்கையன் உட்கார்ந்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் எடுத்தார்கள். மண்டபம் முழுக்க எண்பத்து நான்காம் பக்கத்தைத் தேடிப் புரட்டுகிற சத்தம்.

பேர் வரவில்லை, தப்பித்தோம் என்று மலர்கொடி நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தங்கையன் பேனா மூடியைக் கழற்றியதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

“அடிக்காதீங்க.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்த நெல்லை நான்தான் போட்டேன். சார் எழுதல. தெரியாமத்தான் போட்டேன், ஆனா தப்பாப் போடல.” தங்கையன் பக்கம் திரும்பினாள். “முந்நூறு கப்பல் இறங்கினா என்ன பண்ணுவோம்? அருவாளோட நிப்போம், இல்ல ஓடுவோம். நெல்லு இறங்கினா ஓடுவமா? சாக்கை எடுத்துக்கிட்டு நாமளே போவோம். கொண்டாந்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். எங்கப்பா காத்தானை யாரும் கட்டிப்போட்டு வேலை வாங்கலைங்க. ஆடி மாசம் கை காஞ்ச நேரத்துல, பண்ணையிலேருந்து ஒரு கலம் நெல்லு கடனா வாசல்ல வந்து இறங்கும். அவ்வளவுதான். நாப்பது வருஷம் அவரு அந்தப் பண்ணையை விட்டு நகரல.”

 தங்கையன் பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டார்.

மேடையில் வல்லபன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தொரு நாவல் எழுதிய மனிதர், கதை கேட்கிற பிள்ளை மாதிரி, “அப்புறம்?” என்றார்.

“என்ன சார்?”

“நெல்லு இறங்கிடுச்சு. துருவன் தொடாதேன்னு கத்துறான், ஒருத்தனும் கேக்கல, ஊரே அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் என்னம்மா ஆச்சு? எனக்குத் தெரியலையே.”

மைக்கை அவள் பக்கமாக நீட்டினார். மலர்கொடி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மேடை ஏறிப்போய் அதை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க உக்காருங்க சார்” என்றாள். “சொல்றேன்.”