முகப்புக் கம்பியில் ஒரு மண்டு

அந்தச் சரக்குக் கப்பலுக்குப் பெயின்ட்டர் அவர் ஒருவர்தான். ஊரில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவரைக் கடலுக்கு இழுத்து வந்தவன் மைத்துனன். "வீடுன்னா அடிச்சு முடிச்சுட்டு அடுத்த வேலை தேடணும். கப்பல்ல முடியவே முடியாது மாமா," என்றான். சொன்னது போலவே முன்பக்கத் துருவைச் சுரண்டி முடிப்பதற்குள் பின்பக்கம் துருப்பிடித்துவிடும். அலுப்புத் தட்டினால் சமையற்காரரின் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, அப்பாவி போல வரிசையில் முதல் ஆளாகத் தட்டோடு நிற்பார்.

வெப்பமண்டலக் கடலில் ஒரு பழுப்புப் பறவை வந்து, கப்பலின் முன்முனையில் இருக்கும் முகப்புக் கம்பியில் உட்கார்ந்துகொண்டது. மனிதனைக் கண்டு பயப்படத் தெரியாததால் மாலுமிகள் அதை மண்டு என்பார்கள். பறக்கும் மீன்கள் கப்பலுக்கு மிரண்டு துள்ளினால் மண்டு மேலே எழும்பும், இறக்கையை மடக்கும், ஈட்டி மாதிரி தண்ணீருக்குள் பாயும். வயிறு நிறைந்ததும் பழைய இடத்துக்கே வந்து, புதுப் பெயின்ட் மேல் தன் எச்சத்தால் வெள்ளையடிக்கும்.

பெயின்ட்டர் துடைப்பத்தால் மிரட்டிப் பார்த்தார். அது துடைப்பத்தைக் கொத்தியது. பக்கத்தில் போய்க் கத்தினார். விழுங்கிய மீனையெல்லாம் அவர் சட்டையில் கக்கிவிட்டுப் பறந்தது. திரும்பியும் வந்துவிட்டது.

மாலையில் முதன்மை அதிகாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் வந்தார். "அந்தக் குருவிய ஏன்யா இன்னும் விரட்டல?"

"குருவி இல்ல சார், மண்டு."

"யாரச் சொன்ன?"

"பறவையத்தான் சார். நான் சொன்னா எங்க கேக்குது? நீங்க நேருக்கு நேரா நின்னு ஓங்கிக் கை தட்டினா மரியாதையாப் போயிடும்."

மண்டு அப்போதுதான் சாப்பிட்டு வந்திருந்தது. அதிகாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கை தட்டினார். காலர் முதல் பெல்ட் வரை மீன்.

பெயின்ட்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு பெயின்ட் வாளிக்குள் எதையோ தேடினார்.

"தெரிஞ்சேதான சொன்ன?"

"ஐயோ சார்!" என்றார். அதற்குமேல் சிரிப்பு விடவில்லை.

சீருடையைப் பெயின்ட்டர்தான் துவைக்க வேண்டியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகவில்லை. ஆனாலும் மறுநாள் அதிகாரி, பழைய பனியனில், தொலைநோக்கியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்த வேகத்துல குதிக்குதே, மூக்குல தண்ணி ஏறாதா?"

"நானும் தேடிட்டேன் சார். மூக்கு ஓட்டையே காணோம்."

அதிகாரி உற்றுப் பார்த்தார். "அட, ஆமாய்யா!"

தீவு ஒன்று தெரிந்ததும் மண்டு கிளம்பிப் போய்விட்டது. கம்பி சுத்தமாக இருந்தது. வேலையை நிறுத்தச் சாக்குச் சொல்ல மண்டு இல்லாமல், அன்று முழுக்க வெயிலில் நின்று பெயின்ட் அடித்தார் பெயின்ட்டர், அதைத் திட்டிக்கொண்டே.