மலேரியா இல்லாத காய்ச்சல்

மகன் உகண்டாவில் வேலை செய்கிறான். அவனிடம் போய்வர வேண்டுமென்றால் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, அதற்கான அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்க வேண்டும். மலேரியாவுக்குக் கிழமைக்கொரு குளிசை வேறு. போகமுன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சில கிழமைகள் விழுங்க வேண்டும். குளிசையை அரசாங்கம் சும்மா தருகிறது. தந்த உத்தியோகத்தர் கொழும்பு முஸ்லிம், என்னைவிட நாலைந்து வயது இளமையாக இருப்பார்.

"வந்ததும் நாங்க கோல் எடுத்து விசாரிப்பம் மேடம். நம்மட நாட்டுல இப்ப மலேரியா இல்ல. நீங்க கொண்டு வந்துடக் கூடாது," என்று போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. ஆசைப்பட்டுக் கொண்டுவரும் சாமானா அது?

உகண்டாவில் மகன் விடியப் போனால் இருட்டித்தான் வருவான். நான் நுளம்பு வலைக்குள் இருந்து டிவி பார்த்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில் தனியே இருப்பதற்கும் அங்கே தனியே இருப்பதற்கும் ஒரு வித்தியாசம், அங்கே வலை இருந்தது. ஒரு மாதத்தில் திரும்பிவிட்டேன்.

கணவர் காலமான பிறகு இந்த ஃபிளாட்டில் நான் மட்டும்தான். பக்கத்து வீட்டார் லிஃப்டில் கண்டால் சிரிப்பார்கள், கதைக்க நேரமில்லை. மகன் கார் ஓடிக்கொண்டே போன் எடுத்து, "சாப்பிட்டாச்சோ அம்மா?" என்பான். பதில் சொல்லும் முன் சிக்னல் விழுந்து, போனை வைத்துவிடுவான்.

உத்தியோகத்தர் மட்டும் சொன்ன சொல் தவறாமல் கிழமைதோறும் கோல் எடுத்தார்.

"காய்ச்சல் ஒண்டும் இல்லதானே மேடம்? குளிச போட்டீங்களா?"

"ஓம், போட்டனான்."

"தலையிடி, குளிர், நடுக்கம்?"

"ஒண்டுமில்லை."

யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் அந்த நாளில் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கொண்டு போனேன். கேள்விகள் முடிந்த பிறகும் கதையை வளர்ப்பேன். மழை, கரண்ட் பில், மருதானைப் பக்கத்து டிராஃபிக் என்று எதையாவது இழுப்பேன். மனிசன் பொறுமையாகக் கேட்பார். என் உடம்பில் ஒரு சூடு ஏறினால் அது இன்னொருவருக்குக் கவலை என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

குளிசை முடிந்த கிழமை, "இதுதான் கடைசிக் கோல் மேடம். இனிக் காய்ச்சல் வந்தா மட்டும் நீங்க எடுங்க," என்றார். நன்றி சொன்னேன். அடுத்த கிழமை அதே நாள் வந்தபோது வீடு தாங்க முடியாததாக இருந்தது.

பிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. பயந்தேன். அதோடு, சொல்ல வெட்கம், ஒரு சந்தோஷமும் வந்தது. மகனுக்கு எடுக்கவில்லை. அவருக்குத்தான் எடுத்தேன்.

மத்தியானமே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். "தண்ணி குடிச்சீங்களா மேடம்?" என்று கேட்டு, குசினிக்குப் போய்த் தானே ஒரு கிளாஸ் கொண்டுவந்து தந்தார். அந்த வீட்டில் இன்னொருவர் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

பின்னேரம் போன் வந்தது. குரலிலேயே மகிழ்ச்சி தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! மலேரியா இல்ல மேடம்."

"அப்ப இது என்ன காய்ச்சல்?"

"டெங்குவா ஈக்கலாம், சும்மா வைரஸா ஈக்கலாம். அது எங்கட செக்ஷன் இல்ல. கட்டாயம் ஒரு டொக்டர்கிட்ட காட்டுங்க."

"நாளைக்கு எடுப்பீங்களோ?"

"தேவையில்ல மேடம். உங்கட வேலை முடிஞ்சு."

"மலேரியா இல்லாத காய்ச்சலையும் ஒருக்கால் விசாரிச்சால் என்ன, தம்பி?"

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு, அது மலேரியாவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.