பெரின் பிறந்த ஊர்

கிஸ்லேன் லூப்பியன் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கடல் தாண்டி வந்த பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய லூயிவில் ஊரில் இன்று தலை நரைக்கத் தொடங்கியிருக்கிற பாதிப் பேர் சின்ன வயதில் அவளிடம் அதட்டு வாங்கியவர்கள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நாப்பது பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுட்டு வர்றேன், வீட்லயும் ஒருத்தன் கத்தணுமா?" என்பாள். அப்பா செத்தபோது வீடு தம்பி நொர்மான் பேருக்குப் போனது. மாடி உனக்குத்தான் என்று அப்பா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கீழே தம்பியும் அவன் பெண்டாட்டி லிசெத்தும், மேலே கிஸ்லேனும் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இடுப்பெலும்பு தேய்ந்து அறுவை சிகிச்சை நடந்ததும் பஸ் வேலை போயிற்று. படி இறங்குவதே பாடாக இருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். முதலில் சீட்டாட்டம், பிறகு சமையல் குறிப்பு, பிறகு அதுவும் அலுத்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து நொர்மான் மேலே ஏறி வந்தான்.

"கிஸ்லேன், ஒரு வேலை சொன்னா செய்வியா? நம்ம வம்சத்துல ஒரு பழங்குடிப் பொண்ணு இருந்தான்னு அப்பா சொல்லுவாரே, அவளைக் கண்டுபிடிச்சுக் குடு."

"திடீர்னு என்ன அவ மேல பாசம்?"

"ரேஜான் ஒரு சங்கம் வச்சிருக்கான்ல, முதல் ரத்தச் சங்கம்னு. வம்சத்துல ஒருத்தி இருந்தாப் போதுமாம், கார்டு தர்றான். கார்டு இருந்தா சீசனும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. நேரா காட்டுக்குள்ள போய் மூஸ் மான் சுடலாம்."

"அப்பா குடிச்சாத்தானடா அதைச் சொல்லுவாரு."

"குடிக்காம அவர் வேற என்னத்தைச் சொன்னாரு? தேடிப் பாரேன்."

நொர்மானுக்கு மூஸ் வேட்டை என்றால் பைத்தியம். காகித ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் லீவு சேர்த்து வைத்து இலையுதிர் காலத்தில் காட்டுக்குப் போய்விடுவான். ஆனால் பெண் மூஸ் சுடுகிற அனுமதிக் குலுக்கலில் அவன் பேர் மட்டும் விழவே விழாது. பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபில் வண்டிக் கடை வைத்திருந்த ரேஜான் இப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

கிஸ்லேன் தேடத் தொடங்கினாள். மாதா கோயில் பதிவேடுகளையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். திருமணப் பதிவு ஒன்று கிடைத்தால் போதும், மாப்பிள்ளை பெண் இருவருடைய அப்பா அம்மா பேரும் அதில் இருக்கும். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தைய திருமணத்துக்குப் போகலாம். ஒரு வாரத்தில் நெப்போலியன் காலம் வரை போய்விட்டாள். அதற்கப்புறம்தான் பாடு. பங்குச் சாமியார்கள் காதில் விழுந்தபடியெல்லாம் பேரை எழுதியிருந்தார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் லூப்பியன், இன்னொருவனுக்குப் பட்டாளத்தில் கிடைத்த பட்டப்பேரே குடும்பப் பேர். நனைந்து ஊறிய மை பின்பக்கத்து எழுத்தோடு கலந்து கிடந்தது. அவளோ விடவில்லை. பனிப்புயலில் ரோடு தெரியாமல் பஸ் ஓட்டின கண்ணல்லவா? எழுத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு தலைமுறை கிடைத்ததும் கீழே இறங்கிப் போய் லிசெத்திடம் சொல்லுவாள். லிசெத் சராசேன் தானிய மாவு அடையைத் திருப்பிப் போட்டபடி, "ஆமாமா, ரொம்ப நல்லது" என்பாள். அந்தக் குளிர்காலம்போல் கிஸ்லேன் சந்தோஷமாக இருந்தது அபூர்வம்.

கடைசியில் த்ருவா-ரிவியேர் கோயில் பதிவேட்டில் போய் நின்றாள். ஆயிரத்து அறுநூற்று எண்பதுகள். மத்துரேன் லூப்பியனுக்கும் பெரின் என்பவளுக்கும் திருமணம். அந்தப் பக்கத்தின் ஓரம் எலி தின்றதோ நெருப்பு தின்றதோ, பெரினுடைய பெற்றோர் பேர் இருந்த இடமே இல்லை. 'கையெழுத்துப் போடத் தெரியாது என்றார்கள்' என்ற வரி மட்டும் கீழே மிச்சம் இருந்தது.

ஆனால் எல்லாரும் சேர்ந்து எழுதுகிற ஒரு வம்சாவளித் தளத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் காலி இடத்தை நிரப்பி வைத்திருந்தார். 'பெரின், அல்கொன்கின் பழங்குடித் தலைவரின் மகள்.' பக்கத்தில் தலையில் இறகு வைத்த பெண் படம். ஆதாரம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"இதுதான், இதேதான்!" என்று நொர்மான் நாற்காலியிலிருந்து துள்ளினான்.

"பொறுடா. யாரோ எழுதி வச்சிருக்காங்க. பதிவு எங்க?"

"பதிவைத்தான் எலி தின்னுருச்சே. எலிகிட்டப் போய்க் கேக்கச் சொல்றியா?"

அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனான். கார்டு வந்தது. ரேஜான் அவனைச் சங்கத்தின் ஆலோசகர் ஆக்கினான். விருந்தில் மேளம் தட்டினார்கள். நொர்மான் குஞ்சம் தொங்கும் தோல் சட்டை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். பேச்சு வாக்கில் 'எங்க ஜனங்க' என்று சொல்லவும் ஆரம்பித்தான்.

கிஸ்லேனோடு அதே பஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஜானின் அவாஷிஷ் அத்திகமேக் பழங்குடி இனத்துக்காரி. மாதம் ஒரு தரம் இருவரும் கடைத்தெருவில் காப்பி குடிப்பார்கள். நொர்மானின் தோல் சட்டைப் படத்தை கிஸ்லேன் சிரித்துக்கொண்டே காட்டினாள். ஜானின் சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவை ஆறு வயசுல, பழங்குடிப் பிள்ளைன்னு அரசாங்கத்துக்காரங்க பெத்தவங்ககிட்டருந்து பிடுங்கி, ரயில் ஏத்தி விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாங்க. இந்த மாதிரிக் கார்டு இல்லாமலே அவ யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது" என்றாள். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உன் தம்பிக்கு அதுலயும் ஒரு பங்கு வேணுமானு கேளு. குடுத்துடலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கிஸ்லேன் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மத்துரேன் சீக்கிரம் செத்துப்போனவன். அந்தக் காலத்தில் விதவை தனியாக இருந்திருக்க மாட்டாள், நிலத்தை யார் உழுவது? பெரின் இன்னொருத்தனைக் கட்டியிருக்க வேண்டும். அட்டவணையில் தேடினால் ஒன்றும் வரவில்லை. ஆகவே ஆற்றோரத்துப் பங்குகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பனி உருகி, ஆறு பெருகி, தோட்டத்தில் புல் முளைக்கிற வரை அதுவே வேலை.

பாதிஸ்கான் கோயில் பதிவேட்டில் கிடைத்தது. அட்டவணை போட்டவர் பேரை 'லூபே' என்று தப்பாகப் படித்திருந்ததால் இத்தனை நாள் ஒளிந்து கிடந்தது. 'காலஞ்சென்ற மத்துரேன் லூப்பியனின் விதவை பெரின், லா ரொஷெல் பட்டணத்து ழாக் ரெனோல் என்பவரின் மகள்.' கடல் தாண்டி பிரான்சிலிருந்து வந்தவள். தச்சனோ தோணிக்காரனோ, யாரோ ஒரு ரெனோல் பெற்ற பெண்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கிஸ்லேன் தனியாக உட்கார்ந்து கைதட்டினாள். தட்டின கை அப்படியே நின்றது. கீழேயிருந்து நொர்மான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சீட்டியடிப்பது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அச்சிட்ட தாளை மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நம்ம பெரின். லூபேங்கிற தப்புப் பேர்ல கிடந்தா. பிரெஞ்சுக்காரி. லா ரொஷெல்."

நொர்மான் தாளைத் தொடவில்லை. "யாருக்குக் காட்டின?"

"யாருக்கும் காட்டல. உனக்குத்தான் முதல்ல."

"அப்ப மடிச்சு உள்ள வை."

"நொர்மான், அந்தக் கார்டை நம்பிக் காட்டுக்குப் போகாதே. மாட்டிக்குவ. அதோட அது நம்மளோடது இல்லடா. இன்னொருத்தர் பட்ட பாட்டை நாம சட்டையா மாட்டிக்கிட்டுத் திரியறோம்."

ஊர் வழக்கப்படி, கோயில் பாத்திர பண்டங்களின் பேரையெல்லாம் கெட்ட வார்த்தையாகச் சொல்லி அவன் திட்டினான். "உனக்கு எதுலயும் ஒரு குறை கண்டுபிடிக்கணும்! நான் ரிட்டயர் ஆகி இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தன் மேடைக்குக் கூப்பிட்டு உக்கார வச்சானா? இப்பத்தான் வைக்கிறான். அது உனக்குப் பொறுக்கல. பஸ்ல பிள்ளைங்களை அதட்டின மாதிரியே என்னையும் அதட்டணும்."

லிசெத் எழுந்து தட்டுகளை எடுத்துவிட்டாள். கிஸ்லேன் பாதிதான் சாப்பிட்டிருந்தாள்.

அந்த வாரமே அவள் வம்சாவளித் தளத்தில் பெரினின் பக்கத்தைத் திருத்தினாள். பாதிஸ்கான் பதிவின் படத்தையும் சேர்த்தாள். மறுநாள் பார்த்தால் இறகு வைத்த பெண் திரும்ப வந்திருந்தாள். மறுபடி திருத்தினாள், மறுபடி வந்தாள். சங்கத்துக்காரர்கள் கூட்டமாகப் புகார் எழுதி, அவள் பொய் ஆதாரம் போடுகிறாள் என்று சொல்லிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். திட்டி வந்த செய்திகளில் ஒன்றில் எழுத்துப்பிழைகள் பழகினவையாக இருந்தன. மின்னஞ்சல் அனுப்ப நொர்மானுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே. அவன் எந்த வார்த்தையை எப்படித் தப்பாக எழுதுவான் என்று அவளுக்குத் தெரியும்.

சீசன் தொடங்குவதற்கு முன்பே நொர்மான் காட்டுக்குப் போய் ஒரு பெண் மூஸைச் சுட்டான். வன அதிகாரிகள் ரோட்டிலேயே மறித்தார்கள். கார்டை நீட்டினான். அவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். துப்பாக்கி, வண்டி, இறைச்சி மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

கோர்ட்டு நாளன்று கிஸ்லேன் கைத்தடி ஊன்றிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். எப்படியிருந்தாலும் தம்பி. ரேஜான் வரவில்லை, கடையில் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தான். அரசாங்க வக்கீல் ஒரு வம்சாவளி நிபுணரை அழைத்தார். இளைஞர், மெலிந்த குரல். அவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார்: "பாதிஸ்கான் பங்கு. காலஞ்சென்ற மத்துரேன் லூப்பியனின் விதவை..."

நொர்மான் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

வெளியே படிக்கட்டில் அவனை மறித்தாள். "நான் குடுக்கலடா. ஆண்டவர் மேல சத்தியமா. இணையத்துல கிடக்கு, தேடத் தெரிஞ்ச யாரும் எடுக்கலாம்."

"லூபேன்னு தப்பா எழுதியிருந்ததை அவனும் உன்னை மாதிரியே கண்டுபிடிச்சானாக்கும்?"

"படிச்சவன்டா, அவன் தொழிலே அது."

"நீ மாட்டிக்குவன்னு முன்னாடியே சொன்னியே. எப்படித் தெரியும்?"

பதிலுக்கு நிற்காமல் அவன் படி இறங்கிப் போனான். அபராதம் விதித்தார்கள், பல வருஷத்துக்கு வேட்டைக்குத் தடை போட்டார்கள். துப்பாக்கி போனதைவிட வேட்டைக் கூட்டாளிகள் கேலி செய்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தோல் சட்டையை மட்டும் அவன் கழற்றவில்லை. கோர்ட்டும் அரசாங்கமும் சொந்த அக்காவும் சேர்ந்து நசுக்கின பழங்குடிக்காரன் என்று சங்கத்தில் அவனுக்கு முன்னைவிட மரியாதை கூடிற்று.

சண்டை போட்டு அவளை வெளியே அனுப்பவில்லை. லிசெத் மேலே வந்து, வெளியூரில் இருக்கிற தங்கள் மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறான், மாடி தேவைப்படும் என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். கிஸ்லேன் த்ருவா-ரிவியேரில் நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்றாம் மாடி அறை ஒன்றுக்குப் போனாள். சாமான் இறக்க ஜானினும் அவள் புருஷனும் வந்தார்கள். தம்பி மகனோ ஊருக்குத் திரும்பி வரவேயில்லை. மாடி அந்த வருஷம் முழுக்கப் பூட்டியே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு அழைப்பு வரவில்லை. அந்தச் சமயத்தில் வம்சாவளித் தளத்தைச் சும்மா திறந்து பார்த்தாள். நொர்மான் தன் குடும்பத்தைப் போட்டு வைத்திருந்தான். அப்பா, அம்மா, அவர்களுக்குக் கீழே பிள்ளைகள்: ஒன்று. எலியும் தின்னவில்லை, நெருப்பும் தின்னவில்லை. தம்பி உட்கார்ந்து பொத்தானை அழுத்தி அவள் பேரை எடுத்திருக்கிறான். திருத்தலாம் என்று பார்த்தால் அவள் கணக்குத்தான் முடங்கிக் கிடக்கிறதே.

போன வசந்தத்தில் மளிகைக் கடையில் லிசெத் எதிரே வந்துவிட்டாள். அலமாரிகளுக்கு நடுவே விலகிப் போக இடமில்லாத சந்து.

"நல்லா இருக்கியா கிஸ்லேன்? இளைச்சுட்ட."

"படி ஏறுறேன்ல. அவன் எப்படி இருக்கான்?"

"ரத்தக் கொதிப்பு. மாத்திரை போடச் சொன்னா போட மாட்டேங்கிறாரு." லிசெத் தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். "நீ அன்னைக்கு அந்தத் தாளைக் காட்டாமலே இருந்திருக்கலாம்."

"நான் காட்டாட்டியும் அவ லா ரொஷெல்லதானே பொறந்திருப்பா."

"பொறந்துட்டுப் போகட்டுமே! முந்நூறு வருஷம் யாருக்கும் தெரியாமக் கிடந்தவ, இவர் கண்ணை மூடுற வரைக்கும் கிடந்திருக்க மாட்டாளா? நீ என்னத்தைச் சாதிச்ச? அந்த இறகு வச்சவதான் இன்னமும் அதுல இருக்கா. உன்னைத்தான் காணோம்."

லிசெத் வண்டியைப் பின்னால் இழுத்து, அடுத்த சந்து வழியாகப் போய்விட்டாள்.

கிஸ்லேன் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்தாள், பணம் கட்டினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பையை ஒரு கையிலும் தடியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.