ஏரிக்கரைச் சிவப்பும் மீனின் செவுளும்

மாரியப்பன் என்னும் பெயரும் எழுபத்தொரு வயதும் உடைய அடியேன், அரூர்ப் பக்கத்து ஏரியொன்றில் மீன் குத்தகை எடுத்து, கரையிலேயே விற்று வாழ்பவன். குறை சொல்லாமல் மீன் வாங்கியவரை இத்தொழிலில் நான் கண்டதில்லை. தராசு பிடித்து வாழும் அன்பர்களே, என் குழப்பம் உங்களுக்கே விளங்கும்.

சிவப்பு

கோடையில் எங்கள் ஏரி சுருங்கும்போது ஓரத்து மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். இவ்வாண்டு பங்குனியில், அவ்வுப்பின்மேல் தேங்கிய நீர் குங்குமம் கரைத்தாற்போலச் சிவந்தது. மீன் பிடிக்கும் நடு ஏரியிலோ ஒரு மாற்றமும் இல்லை.

செவுளைத் தூக்கி, சிவப்பைப் பார்த்த பிறகே எங்கள் ஊரார் மீன் வாங்குவர். நெடுநாள் வாடிக்கைக்காரி சின்னத்தாயி அன்றும் தூக்கினாள், சிவப்பாகவே இருந்தது. கூடையைத் தள்ளிவிட்டாள்.

"கரைத்தண்ணி செவுள்ல ஏறிப்போச்சுங்க மாமா. எனக்கு வேணாம்."

வெளுப்பு

மறுநாள், பனிக்கட்டியில் கிடந்து செவுள் வெளுத்த மீனை முன்னால் வைத்தேன். அது பழைய மீனென்று ஒதுக்கினர். சிவப்பும் ஆகாது, வெளுப்பும் ஆகாது எனில் மீன் எந்நிறத்தில் இருத்தல் வேண்டும்? அப்படி ஒதுக்கியவர்களுள் ஒருவனான, டிராக்டர் ஓட்டும் கோவிந்தனிடமே கேட்டேன்.

"செவுளே இல்லாத மீன் இருந்தா குடுங்கண்ணா."

ஆராய்ச்சி

வலையைச் சுருட்டிவிடும் நிலையில் இருந்தபோது, கல்லூரிப் பேராசிரியை ஒருவர் கரைநீரைப் புட்டியில் எடுத்துச் சென்றார். மறுவாரம் திரும்பி வந்து, அது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர் என்றார். உப்பு மிகுந்த ஏரிக்கரையே அதன் இருப்பிடமாம். செடியைப் போல வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளுமாம். இன்னும் பெயர்கூட வைக்கவில்லையாம். மீனுக்கும் மனிதருக்கும் கெடுதல் இல்லையாம்.

செடியெனில் பச்சையாக இருக்க வேண்டாமா என்றேன். "உள்ளே பச்சைதாங்க ஐயா. வெயில் தாங்கறதுக்குச் செவப்பைப் போத்திக்குது" என்றார். பச்சை எவ்வாறு சிவப்பாகும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும் கூடி நின்றோர் முன்னிலையில், பெரிய மீனொன்றை எடுத்து அம்மையாரிடம் பெருமையுடன் நீட்டினேன். அவர் கைகூப்பினார்.

"மன்னிக்கணுங்க ஐயா, நான் சைவம்."

விருந்து

கூட்டம் கலைந்தது. அன்றுமுதல் நண்பகல்தோறும் கரையிலேயே அடுப்பு மூட்டி, என் மீனை நானே குழம்பு வைத்து, ஊரார் காண உண்டேன். கரை சிவப்பாகவே இருந்தது. நானும் நலமாகவே இருந்தேன்.

ஒருநாள் சின்னத்தாயி தூக்குச்சட்டியுடன் வந்தாள். அவள் வீட்டுக்குப் புது மருமகன் முதன்முறை விருந்துக்கு வந்திருந்தார். ஊரே பார்த்திருக்க, கூடையிலிருந்த மீனின் செவுளைத் தூக்கினாள், திருப்தி இல்லை.

"மாப்பிள்ளைக்குங்க மாமா. இன்னும் நல்லா செவப்பா இருக்கறதாப் பாத்து எடுங்க."

செவுளின் சிவப்பால் போன வியாபாரம் அதே சிவப்பால் திரும்பி வந்து இவ்விவகாரம் தீர்ந்த நாள் வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டுமே இதில் எனக்கு ஐயமின்றித் தெரிந்த செய்தியாகும்.